கணக்கில் குறைந்த தோட்டா

திருவொற்றியூர் காலடிப்பேட்டையில் இறங்கி, ராமசுப்பு மொத்த மளிகை எங்கே என்று கேட்டால் பாதிப் பேர் உதட்டைப் பிதுக்குவார்கள். துப்பாக்கிக்காரர் கடை என்று கேட்டால் சின்னப் பிள்ளைகூடக் கை காட்டும். பெயர்ப் பலகையில் இருப்பது ஒன்று, ஊர் வாயில் இருப்பது ஒன்று. இத்தனைக்கும் ராமசுப்பு அந்தத் துப்பாக்கியை ஒரு காக்காயைப் பார்த்துக்கூட நீட்டியதில்லை. எண்ணூர், மீஞ்சூர் பக்கமெல்லாம் வேனில் வசூலுக்குப் போய்வந்த காலத்தில் மணலி சாலையில் நாலு பேர் மறித்துப் பையைப் பிடுங்கிக்கொண்டு போனார்கள். அதற்குப் பிறகு அலையாய் அலைந்து லைசென்ஸ் வாங்கி, ஒற்றைக் குழல் துப்பாக்கி ஒன்றை வாங்கினார். வாங்கிய பிறகு யாரும் மறிக்கவில்லை. அதனால் அதற்கு வேலையும் இல்லாமல் போயிற்று.

தேர்தல் வந்தால் மட்டும் அதற்கு ஊர்வலம். தேர்தல் முடிகிற வரைக்கும் லைசென்ஸ்காரர்கள் எல்லாரும் துப்பாக்கியைப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும் அல்லவா? ராமசுப்பு சலவைச் சட்டை போட்டு, கான்வாஸ் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, பக்கத்துச் சந்தில் புகுந்தால் சீக்கிரம் போகலாம் என்று தெரிந்தும் மார்க்கெட்டைச் சுற்றிக்கொண்டு போவார். மகன் சுயம்புலிங்கம் தோட்டாப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னால் போவான். அரை டிராயர் போட்ட நாளிலிருந்து அவனுக்கு இருந்த ஆசை ஒன்றுதான். ஒரு நாள் அந்தப் பை தன் தோளில் ஏற வேண்டும், ஊர் தன்னைப் பார்த்துத் துப்பாக்கிக்காரரே என்று கூப்பிட வேண்டும்.

போன வருஷம் ராமசுப்பு, துவரம்பருப்பு மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்த வாக்கிலேயே போய்ச் சேர்ந்தார். மாரடைப்பு. பதினாறாம் நாள் காரியம் முடிந்து பந்தலைப் பிரித்த கையோடு சுயம்பு கேட்டது துப்பாக்கியைப் பற்றித்தான். அதற்காக அவனைக் கல்நெஞ்சன் என்று சொல்லிவிட வேண்டாம். சிலருக்கு அப்பாவின் மோதிரம், சிலருக்குக் கைக்கடிகாரம். இவனுக்கு அது.

ஆனால் மோதிரத்தைப் போல அதை விரலில் மாட்டிக்கொண்டு போக முடியுமா? லைசென்ஸ் ஆளுக்குத்தான், துப்பாக்கிக்கு இல்லை. ஆள் போனால் துப்பாக்கி அநாதை. அதை வீட்டில் வைத்திருப்பதே குற்றம். பாரிமுனைப் பக்கம் துப்பாக்கிக் கடை வைத்திருந்த அருள்பிரகாசம் என்ற பெரியவரிடம் துப்பாக்கியையும் தோட்டாப் பெட்டியையும் ஒப்படைத்து, பெட்டியைத் திறந்து எண்ணாமலே சுயம்பு ரசீது வாங்கினான். அதன் பிறகு வாரிசு என்ற முறையில் தன் பெயருக்கு லைசென்ஸ் கேட்டு எழுதிப் போட்டான். அங்கே பிடித்தது அலைச்சல். வாரிசுச் சான்றிதழுக்குத் தாலுகா ஆபீஸ். புத்தி நிதானமாக இருக்கிறது என்று எழுதித் தர ஒரு டாக்டர். துப்பாக்கியைப் பிடிக்கத் தெரியும் என்று சொல்ல ஒரு பயிற்சிச் சான்றிதழ். துப்பாக்கி வைக்க இரும்பு லாக்கர், அதைச் சுவரில் வைத்துப் பூசியதற்கு ஆதாரமாக ஒரு போட்டோ. கமிஷனர் ஆபீஸ் படிக்கட்டு அவன் செருப்பை அடையாளம் கண்டுகொள்ளும் அளவுக்கு நடந்தான்.

ஸ்டேஷனிலிருந்து தெருவுக்கு வந்தும் விசாரித்தார்கள். ஆள் கோபக்காரரா, குடும்பத்தில் தகராறு எதுவும் உண்டா என்று கேட்டார்களாம். முனையில் டீக்கடை வைத்திருப்பவர், தங்கமான பிள்ளை என்று சொல்லியிருக்கிறார். அந்த டீக்கடை வாசலில்தான், அப்பாவின் முகத்தைக் கடைசியாக ஒரு முறை பார்க்க வந்த தங்கச்சியைச் சுயம்பு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மறித்து நிறுத்தினான். டீக்கடைக்காரர் அன்றைக்கு டம்ளர் கழுவிக்கொண்டு எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். போலீஸ் அதைக் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

தங்கச்சி பெயர் ராமசெல்வி. கடைக்குப் பில் போடும் கம்ப்யூட்டர் வைக்க வந்த சித்தார்த் என்ற பையனைக் கல்யாணம் செய்துகொண்டு போனாள். வியாசர்பாடி ஹவுசிங் போர்டுப் பையன். இந்த ஊரில் இருக்கிற இடத்தைச் சொன்னால் போதும், மற்றதை யாரும் வாய்விட்டுக் கேட்க மாட்டார்கள். விஷயம் கசிந்த அன்றைக்கே சுயம்பு அவள் போனைத் தரையில் அடித்து உடைத்தான். அடுத்த வாரம் அவள் கட்டிய துணியோடு போய்ப் பதிவுத் திருமணம் செய்துகொண்டாள்.

சேதி வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. மத்தியானமே கடை அடைத்தாயிற்று. ராமசுப்பு தட்டின் முன்னால் உட்கார்ந்து சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். சுயம்பு எழுந்து நின்றான். அவன் அப்பாவைப் பார்த்துச் சொன்னான்.

"பூட்டி வெச்சுப் பாக்குறதுக்கா லைசென்ஸ் வாங்குனீங்க?"

ராமசுப்பு கையைக் கழுவினார். பீரோவைத் திறந்தார். கான்வாஸ் பையோடு ஆட்டோ ஏறிப் போனவர், விளக்கு வைக்கிற நேரத்துக்குத் திரும்பி வந்தார். வீடு பூட்டிக் கிடந்தது, ஆளில்லை என்று மட்டும் சொன்னார். சுயம்பு சிரித்தான். அந்தச் சிரிப்புக்குப் பிறகு அவன் அப்பாவோடு ஒரு பந்தியில் உட்காரவில்லை. கல்லாவில் தான் உட்கார்ந்துகொண்டு, அவரை மூட்டைகளுக்கு நடுவே ஸ்டூலில் உட்கார வைத்தான். அவரைத் தேடிப் பழைய வியாபாரிகள் யாராவது வந்தால், பூட்டைப் பார்த்துத் திரும்பி வந்த வீரர் உள்ளேதான் இருக்கிறார் என்பான். வந்தவர்களுக்கு அர்த்தம் புரியாது. ராமசுப்புவுக்குப் புரியும். அவர் ஒரு வார்த்தை பதில் சொன்னதில்லை. கடைசி வரைக்கும் அப்படித்தான்.

வாரிசு லைசென்ஸுக்கு மற்ற வாரிசுகளும், எங்களுக்கு ஆட்சேபணை இல்லை என்று கையெழுத்துப் போட வேண்டும். செத்துப்போனவள் என்று தலை முழுகியவளிடம் போய்க் கையெழுத்துக் கேட்பதா? சுயம்பு நேரில் போகவில்லை, வக்கீல் குமாஸ்தாவை அனுப்பினான். இழுத்தடிப்பாள், பேரம் பேசுவாள் என்று நினைத்தான். குமாஸ்தா போன வேகத்தில் திரும்பி வந்தார். படித்துக்கூடப் பார்க்காமல் போட்டுக் கொடுத்தாளாம், அண்ணனுக்கு உடம்பு நன்றாக இருக்கிறதா என்று கேட்டாளாம். சுயம்பு கையெழுத்தை மட்டும் பார்த்தான்.

ஒரு வழியாக லைசென்ஸ் வந்தது. புதுப் புத்தகத்தில் அவன் போட்டோ, அவன் பெயர். அருள்பிரகாசத்திடமிருந்து துப்பாக்கியையும் பெட்டியையும் வாங்கி, சரிபார்த்துப் பதிவதற்காக ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனான். ரைட்டர் மங்கை என்ற ஏட்டம்மா. நிதானமான பொம்பளை. துப்பாக்கியின் எண்ணைக் குனிந்து படித்து ஒப்பிட்டாள். அப்பாவின் பழைய புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு பெட்டியில் இருந்த தோட்டாக்களை மேஜையில் நிற்க வைத்தாள். அதுவரை மிதந்துகொண்டிருந்த சுயம்பு அங்கேதான் தரைக்கு வந்தான்.

"சார், புக்குல பத்து இருக்கு. இங்க ஒம்போதுதான் இருக்கு."

போன தேர்தலுக்கு ஒப்படைத்துத் திருப்பி வாங்கியபோது பத்தும் இருந்ததாக அவள் கையாலேயே எழுதியிருக்கிறாள். சுட்டதாக எங்கேயும் பதிவில்லை. சுட்டிருந்தால் காலிக் கூடு எங்கே? சுடவில்லை என்றால் தோட்டா எங்கே? ஒன்று அதைக் கொண்டு வர வேண்டும், இல்லையென்றால் காணாமல் போனதாகப் புகார் எழுத வேண்டும். புகார் எழுதினால் விசாரணை வரும், ஃபைல் மேலே திரும்பிப் போகும், லைசென்ஸ் நிலைக்குமா என்று சொல்ல முடியாது. உயிருள்ள தோட்டா ஒன்று கணக்கில் இல்லாமல் ஊருக்குள் எங்கேயோ இருக்கிறது என்றால் சும்மா விடுவார்களா? நல்லா தேடிப் பாருங்க சார், பெரியவர் எங்கேயாவது வெச்சிருப்பார் என்று மங்கை ஆறுதலாகச் சொல்லி, துப்பாக்கியையும் பெட்டியையும் ஸ்டேஷனிலேயே வைத்துக்கொண்டாள்.

சுயம்பு வீட்டைத் தலைகீழாகப் புரட்டினான். பீரோவின் அடித்தட்டில் விரித்திருந்த பேப்பரைக் கிழித்தான். அப்பாவின் சட்டைப் பைகளை வெளியே இழுத்துப் பார்த்தான். கடையில் ஏலக்காய் டின்னைக்கூடக் கவிழ்த்தான். அம்மா இசக்கியம்மாள் கூடத்துச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். சுவரில் அவள் தலைக்கு மேலே ராமசுப்பு மாலையோடு தொங்கினார். கடைசியில் அவளே கூப்பிட்டாள்.

"தேடாத அய்யா. அது வீட்டுல இல்ல. அன்னைக்கு உங்க அப்பா எடுத்துட்டுப் போனாவ."

அவளுக்குத் தெரியும். அன்றைக்குப் பீரோ பக்கத்தில் நின்றவள் அவள்தான். பெட்டியிலிருந்து ஒன்றே ஒன்றை எடுத்துச் சட்டைப் பையில் போட்டதைப் பார்த்தாள். தடுக்கவில்லை. கை நிறையப் பையை வைத்திருக்கிறாரே என்று வாசல் கதவைத் திறந்துவிட்டதும் அவள்தான். ராத்திரி அவர் கழற்றிப் போட்ட சட்டையைத் தடவிப் பார்த்தாள். பை காலி. வெடித்துவிட்டதா என்று புருஷனிடம் கேட்க அவளுக்கு நா எழவில்லை.

"விடியறதுக்கு முந்தியே வாசல்ல போய் நின்னேன், பேப்பர்க்காரன் வருவான்னு. எழுத்துக் கூட்டி எழுத்துக் கூட்டிப் படிச்சேன். அவ பேரு இல்ல. அன்னைக்கு மட்டுமில்ல, ஒரு மாசம் படிச்சேன்."

பெற்ற மகளின் சாவுச் செய்தியைப் பேப்பரில் தேடியிருக்கிறாள், பக்கத்து அறையில் மகன் குறட்டை விட்டுத் தூங்கும்போது. சுயம்பு அம்மாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தான். ஆனாலும் மனிதன் மனிதன்தானே, அடுத்த நிமிஷமே அவன் மனசு ஸ்டேஷன் மேஜைக்குப் போய்விட்டது. தோட்டா வியாசர்பாடியில் இருக்கிறது. போய் வாங்கி வந்துவிட்டால் கணக்குச் சரியாகிவிடும்.

மறுநாள் கிளம்பினான். கல்யாணமாகிப் போன தங்கச்சி வீட்டுக்கு முதல் முதலாகப் போகிற அண்ணன், ஒரு சீப்பு வாழைப்பழமாவது வாங்கிக்கொண்டு போக வேண்டும். கடை நிறையச் சரக்கு வைத்திருந்தவன் வெறுங்கையோடு போனான். மூன்றாவது மாடி. படியெல்லாம் துணி காய்ந்தது. கதவைத் திறந்தவள் சித்தார்த்தின் அம்மா வேம்பு. அவனைப் பார்த்ததும் யாரென்று புரிந்துகொண்டாள். உள்ளே திரும்பிக் குரல் கொடுத்துவிட்டு, பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். தண்ணீர் கொண்டு வரட்டுமா என்று கேட்டாள். சுயம்பு வேண்டாம் என்றான். வேம்பு அதற்குமேல் கேட்கவில்லை. அந்த வேண்டாம் என்ன வேண்டாம் என்று அவளுக்குத் தெரியாதா?

நாற்காலியில் உட்கார்ந்தவன் கண்ணுக்கு நேர் எதிரே சுவரில் ஒரு பலகை. அதில் புத்தர் படம், அம்பேத்கர் படம். பக்கத்தில் ஒரு எவர்சில்வர் தட்டில் அந்தத் தோட்டா நின்றது. சிவப்பு உடம்பு, பித்தளை அடி. அடியைச் சுற்றிச் சந்தனம் பூசிக் குங்குமப் பொட்டு வைத்து, மேலே ஒரு முழம் கதம்பம் சுற்றியிருந்தது. அடுத்து இருந்த ஊதுபத்திச் சாம்பல் அன்றைக்குக் காலையில் உதிர்ந்ததாக இருந்தது.

சுயம்பு பார்க்கிற இடத்தை வேம்புவும் பார்த்தாள்.

"அவங்கப்பன் போட்டோ ஒண்ணுகூட இல்ல நைனா அதுங்கிட்ட. போன்ல இருந்ததும் ஒடஞ்சி பூட்ச்சாம். இன்னா பண்ணும்? அதுக்குத்தான் பூ வெச்சுகினு கீது."

போனை உடைத்தவன் தலையைக் குனிந்துகொண்டான்.

செல்வி ஈரக் கையைப் புடவையில் துடைத்தபடி வந்தாள். வா அண்ணே என்றாள், நேற்றுத்தான் பார்த்துப் பிரிந்த மாதிரி. இளைத்திருந்தாள். அம்மா எப்படி இருக்கிறாள் என்று கேட்டாள். சுயம்பு வந்த விஷயத்தை மளமளவென்று சொன்னான், நிறுத்தினால் சொல்ல முடியாமல் போய்விடும் என்ற பயத்தில். கணக்கில் ஒன்று குறைகிறது, அது இல்லாமல் துப்பாக்கி தன் பெயருக்கு வராது, தவிர லைசென்ஸ் இல்லாத ஆள் இதை வீட்டில் வைத்திருந்தால் ஜெயில். கடைசியாகச் சொன்னது பொய்யில்லை. ஆனால் தங்கச்சியின் நன்மைக்காகத்தான் வந்தேன் என்கிற மாதிரி அது அவன் வாயிலிருந்து வந்ததும், அவனுக்கே தன் மேல் அருவருப்பாக இருந்தது.

அன்றைக்கு என்ன நடந்தது என்று அவன் கேட்டான். செல்வி தரையில் உட்கார்ந்து சொன்னாள். சித்தார்த் கடைக்குப் போயிருந்தானாம். அவளும் அத்தையும் மட்டும் இருந்தார்களாம். பையோடு வாசலில் அப்பா நின்றார். ஓடவும் தோன்றவில்லை, கத்தவும் தோன்றவில்லை, அப்பா வேர்த்துக் கொட்டி நிற்கிறாரே என்றுதான் தோன்றியதாம். அத்தை இதே நாற்காலியைத் தூக்கிப் போட்டாள். அப்பா வெகுநேரம் நின்றார், பிறகு உட்கார்ந்தார், தண்ணீர் கேட்டார். இவர் நம் கையால் குடிக்க மாட்டாரே என்று அத்தை சொம்பைச் செல்வியிடம் நீட்டினாளாம். அந்தம்மாவே கொடுக்கட்டும் என்றாராம் அப்பா. வாங்கி ஒரு சொட்டு விடாமல் குடித்தாராம்.

"அப்புறம் சட்டைப் பையிலேருந்து இத எடுத்து என் கையில வெச்சாரு. பொண்ணு வூட்டுக்குக் கொண்டாந்தத திருப்பி எடுத்துகினு போவக் கூடாதும்மா, நீயே வெச்சுக்கன்னாரு."

பிறந்த வீட்டிலிருந்து அவளுக்கு வந்த சீர் அது ஒன்றுதான். சுயம்பு அவள் சொன்னதைக் கேட்டான். வூடு என்று அவள் சொன்னதையும் கேட்டான். காலடிப்பேட்டை வீட்டில் அவள் அப்படிச் சொன்னதில்லை. இந்த ஊர்தான் இனி அவள் ஊர், இவர்கள்தான் அவள் மனிதர்கள் என்று அந்த ஒரு சொல்லில் அவனுக்கு உறைத்தது.

வேறு எதுவும் சொன்னாரா என்று கேட்டான். ஏன் கேட்டோம் என்று பிறகு பல நாள் நினைத்துக்கொண்டான்.

செல்வி கொஞ்சம் தயங்கினாள். "அண்ணனுக்குத் தெரிய வேணாம், வூடு பூட்டி இருந்துச்சுன்னு சொல்லிக்கிறேன்னாரு. உன்ன நெனச்சா எனக்குப் பயமில்ல, அவன நெனச்சாத்தான் பயமா இருக்குன்னாரு. போவும்போது போறேன்னு சொல்லல அண்ணே. வரேன்னுதான் சொன்னாரு."

இந்த இடத்தில் சுயம்பு எழுந்து, இது உன்னிடமே இருக்கட்டும் என்று சொல்லியிருக்கலாம். சட்டம் விடாது, சரி. அப்படி ஒரு வார்த்தையாவது சொல்லியிருக்கலாம் அல்லவா? அவன் கை நீண்டது. மனசு உள்ளே அழுதுகொண்டிருக்கும்போதே கை நீண்டதுதான் கொடுமை. செல்வி எழுந்து போய்ப் பூவை எடுத்துத் தட்டில் வைத்தாள். முந்தானையால் சந்தனத்தைத் துடைத்தாள். ஒரு முறை கண்ணில் ஒற்றிக்கொண்டு அண்ணனின் உள்ளங்கையில் வைத்தாள். அப்பா கொண்டு வந்த சீரை மகன் வந்து திருப்பி எடுத்துக்கொண்டு போனான். வேம்பு வாசல் வரைக்கும் வந்தாள். அவள் நாலு வார்த்தை திட்டியிருந்தால் அவனுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

ஸ்டேஷனில் மங்கை தோட்டாவை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். பித்தளை விளிம்பில் சந்தனம் கொஞ்சம் ஒட்டியிருந்தது. ஆயுத பூஜைக்கு வெச்சதா சார் என்று கேட்டாள். ஆமாம் என்றான். எங்கே கிடைத்தது என்று கேட்டாள். சாமி அலமாரியில் என்றான். அதையும் பொய் என்று முழுதாகச் சொல்லிவிட முடியாது. அவள் எண்ணெய்த் துணியால் விளிம்பைத் துடைத்துப் பெட்டிக்குள் போட்டாள். சரியாகப் பத்து இருக்கிறதா என்று விரலால் துழாவி எண்ணினாள். மூடி வைத்து, புத்தகத்தில் எழுதி முத்திரை குத்தினாள்.

"முடிஞ்சுது சார். இனிமே நீங்கதான் துப்பாக்கிக்காரர்."

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு சுயம்பு நடந்தான். பழக்க தோஷத்தில் கால் மார்க்கெட் வழியாகவே போயிற்று. வெங்காய மண்டிக்காரர் கையைத் தூக்கினார். துப்பாக்கிக்காரரே என்று யாரோ கூப்பிட்டார்கள். அரை டிராயர் காலத்திலிருந்து கேட்க ஆசைப்பட்ட வார்த்தை. கேட்டதும் அவன் சந்துக்குள் புகுந்துவிட்டான்.

வீட்டில் இசக்கியம்மாள் காத்திருந்தாள். அவளிடம் எல்லாவற்றையும் சொன்னான், அப்பா தண்ணீர் குடித்ததிலிருந்து வரேன் என்று சொன்னது வரைக்கும். அவனை நினைத்தால்தான் பயம் என்று அப்பா சொன்னதையும் மறைக்கவில்லை. அவள் அழுது முடித்து மூக்கைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

"எது அய்யா அது? வெடிக்காம வந்தது. ஒரு தரம் தொட்டுக்கிடுதேன்."

சுயம்பு பெட்டியைத் திறந்தான். பத்தும் சிவப்பு. பத்துக்கும் பித்தளை அடி. ஒன்று ஒன்றாக எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தான். எங்கேயாவது குங்குமம் ஒட்டியிருக்கிறதா என்று நகத்தால் சுரண்டினான். மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தான். எல்லாவற்றிலும் ஸ்டேஷன் எண்ணெய் நாற்றம். பித்துப் பிடித்தவன் மாதிரி திரும்பத் திரும்ப முகர்ந்தான். கணக்குச் சரியாகிவிட்டது. அப்பா மட்டும் அதில் காணாமல் போய்விட்டார்.

அவன் முகத்தைப் பார்த்து இசக்கியம்மாள் புரிந்துகொண்டாள். கையை நீட்டி ஒரு தோட்டாவை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு கீழே வைத்தாள். அடுத்ததை எடுத்தாள். அப்படிப் பத்தையும் ஒற்றிக்கொண்டாள். பத்தில் ஒன்று அதுதானே.

சுயம்பு ஸ்டூலில் ஏறிச் சுவரிலிருந்து அப்பா படத்தைக் கழற்றினான். இதையாவது அவளிடம் கொடுத்துவிடுகிறேன், நீயும் வா என்று அம்மாவைக் கூப்பிட்டான். கதவைத் திறந்துவிட்டவள் எந்த முகத்தோடு வருவேன் என்று அவள் எழுந்திருக்கவில்லை. படத்தைத் துண்டில் சுற்றிக்கொண்டு, இந்த முறை ஞாபகமாகப் பழமும் பூவும் வாங்கிக்கொண்டு போனான்.

செல்வி பழத்தை வாங்கி வைத்தாள். பூவைத் தலையில் வைத்துக்கொண்டாள். துண்டைப் பிரித்துப் படத்தை மடியில் நிமிர்த்தி வைத்துப் பார்த்தாள். ராமசுப்புவுக்குச் சிரித்த முகமாக ஒரு போட்டோ கிடையாது. துப்பாக்கி லைசென்ஸுக்காக ஸ்டூடியோவில் விறைப்பாக உட்கார்ந்து எடுத்ததைத்தான் செத்த பிறகு பெரிதாக்கி மாட்டியிருந்தார்கள். அதையே அவள் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பலகையில் அந்த எவர்சில்வர் தட்டு காலியாக இருந்தது. அன்றைக்கு எடுத்த பூ அதில் வாடிக் கிடந்தது. அதை அவள் எடுத்துப் போடவில்லை.

"நம்ம அப்பாதான் அண்ணே. ஆனா எங்க வூட்டுக்கு வந்தவரு இவரு இல்ல. அவரு மூஞ்சி வேற மாதிரி இருந்துச்சு."

சுயம்பு படத்தைத் திரும்ப எடுக்கப் போனான். அவள் அவன் கையைத் தடுத்தாள். கொண்டு வந்ததை எடுத்துக்கொண்டு போகாதே, வைத்துவிட்டுப் போ என்றாள். பிறகு அவனைப் பார்த்து, சின்ன வயதில் தன் பொம்மையை அவனிடம் இரவல் கொடுத்துவிட்டுக் கேட்பாளே, அதே குரலில் கேட்டாள்.

"அது பத்திரமா இருக்கா? மத்ததோட சேக்காம தனியா வெச்சிருக்கியா?"

"தனியாத்தான் வெச்சிருக்கேன்" என்றான் சுயம்பு.

சொல்லும்போதே, அன்றைக்கு விளக்கு வைக்கிற நேரத்தில் வாசல்படி ஏறி வந்து, வீடு பூட்டிக் கிடந்தது என்று அப்பா சொன்ன குரல் தன் தொண்டையிலிருந்து வருகிற மாதிரி இருந்தது அவனுக்கு. அந்தக் குரலைக் கேட்டுத்தானே அவன் சிரித்தான். செல்வி சிரிக்கவில்லை, நம்பினாள்.

வேம்பு அடுப்படி வாசலில் நின்றாள். இந்த முறை அவள் தண்ணீர் வேண்டுமா என்று கேட்கவில்லை. அவனாகத்தான் கேட்க வேண்டியிருந்தது. கொடுத்தாள். ஒரு வாய்க்கு மேல் அவனுக்கு இறங்கவில்லை. டம்ளரைக் கையில் பிடித்தபடி, அப்பா உட்கார்ந்த நாற்காலியில் அவன் உட்கார்ந்திருந்தான்.